அட்டையும் சவமும்: முற்றுகைக்குள் லெனின்கிராடு காவல்துறை

1941 அக்டோபரில் லெனின்கிராடு நகரத்தில் ரேஷன் அட்டை தொலைந்துவிட்டது என்று சொல்லி மாற்று அட்டை வாங்கியவர்கள் சுமார் 4,800 பேர். நவம்பரில் இது ஏறத்தாழ 13 ஆயிரம் ஆனது. டிசம்பரில் 24 ஆயிரம். நகரின் உணவு வழங்கலுக்குப் பொறுப்பேற்றிருந்த திமித்ரி பாவ்லவ் போருக்குப் பிறகு எழுதிய நூலில் தரும் கணக்கு இது. குண்டுவீச்சுக்குப் பயந்து ஓடும்போது விழுந்துவிட்டது, வீட்டோடு எரிந்துபோனது, வரிசையில் யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று அலுவலக வாசலில் நின்றவர்கள் காரணம் சொன்னார்கள். அவர்களில் உண்மையாகவே தொலைத்தவர் எத்தனை பேர், திருட்டுக் கொடுத்தவர் எத்தனை பேர், கையில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு வந்தவர் எத்தனை பேர்? பிரித்தறிய வழியில்லை. அதனால் நிர்வாகம் மாற்று அட்டை கொடுப்பதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. அதன் பிறகு அட்டையைத் தொலைத்தவருக்கு அடுத்த மாதம் பிறக்கும் வரை ரொட்டி இல்லை. அந்தக் குளிர்காலத்தில் மூன்று வாரம் ரொட்டி இல்லை என்றால் என்ன பொருள் என்பது மறுத்தவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

முற்றுகையிட்டவர்கள் ஜெர்மானியர்கள். லெனின்கிராட்டைத் தாக்கிப் பிடிப்பதைவிடப் பட்டினி போட்டு அழிப்பதே அவர்களுடைய திட்டம். நகரம் சரணடைய முன்வந்தாலும் ஏற்கக் கூடாது என்பது மேலிடத்து முடிவு. 1941 செப்டம்பர் 8 அன்று ஷிலிசெல்பர்க் நகரம் வீழ்ந்து தரைவழி அடைபட்டது. 1944 ஜனவரி 27 வரை 872 நாட்கள். உள்ளே அகப்பட்டவர்கள் சுமார் 25 லட்சம் பேர். இந்த முற்றுகையின் ராணுவ வரலாறும், பட்டினியின் வரலாறும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. இந்தக் கட்டுரை கேட்பது வேறொரு கேள்வி: இப்படிப்பட்ட நகரத்தில் காவல்துறை எதைக் காத்தது? குற்றம் என்ற சொல்லின் பொருளே மாறிப்போன இடத்தில், பழைய சட்டமும் பழைய துப்பறியும் பழக்கமும் எந்த அளவுக்குக் கைகொடுத்தன?

மிலீட்சியாவும் வீட்டு மேலாளரும்

'போலீஸ்' என்பது ஜார் ஆட்சியின் சொல் என்று 1917 புரட்சி அதை ஒதுக்கியது. சோவியத் காவலரின் பெயர் மிலீட்சியா. 1941-ல் அது உள்துறை மக்கள் ஆணையமான என்.கே.வி.டி.யின் ஒரு கிளை. ஜேப்படித் திருடனைப் பிடிப்பவரும் அரசியல் எதிரியைத் தேடுபவரும் வெவ்வேறு அறைகளில் உட்கார்ந்தாலும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். லெனின்கிராட்டில் அந்தக் கூரையின் தலைவர், 1941 ஆகஸ்டில் பொறுப்பேற்ற பியோத்தர் குபாத்கின்.

அவருடைய கையில் இருந்த பெரிய ஆயுதம் துப்பாக்கி அல்ல, பதிவேடு. 1932-ல் வந்த உள்நாட்டு பாஸ்போர்ட் முறைப்படி நகரவாசி ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட முகவரியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவை வைத்திருந்தது மிலீட்சியா. ஒவ்வொரு குடியிருப்புக் கட்டடத்துக்கும் ஒரு வீட்டு மேலாளர். அவருக்குக் கீழே, முற்றத்தைப் பெருக்கிப் பனியை அள்ளும் 'துவோர்னிக்'. இந்தக் காவலாளிகள் நகரம் பீட்டர்ஸ்பர்க் என்று அழைக்கப்பட்ட ஜார் காலத்திலேயே போலீசுக்குத் தகவல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். ஆட்சி மாறியபோதும் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது மாறவில்லை: யார் புதிதாக வந்தார்கள், யார் இரவில் வரவில்லை, யாருடைய கதவு மூன்று நாளாகத் திறக்கவில்லை.

பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகங்களும் 1934 முதல் என்.கே.வி.டி.யின் கீழ்தான் இருந்தன. பொதுக் காலத்தில் இது நிர்வாகப் புத்தகத்தில் ஒரு வரி. முற்றுகையிலோ அதன் பொருள் பெரிது. நகரத்தில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற இரண்டு எண்களும் காவல்துறையின் மேசைக்கே வந்து சேர்ந்தன. அந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் ரொட்டிக் கணக்கு.

தொடக்க மாதங்களில் மிலீட்சியா செய்தது எந்தப் போர்க்கால நகரிலும் எதிர்பார்க்கக்கூடிய வேலை. இரவு ஊரடங்கு, இருட்டடிப்பைக் கண்காணித்தல், விமானத் தாக்குதலின்போது மக்களைப் புகலிடத்துக்கு அனுப்புதல், ஒற்றர்களையும் பாராசூட்டில் குதித்தவர்களையும் தேடுதல். கூரையிலிருந்து எதிரி விமானத்துக்கு ஒளி சமிக்ஞை காட்டுகிறார்கள் என்ற அச்சம் அந்த இலையுதிர் காலத்தில் ஊரெங்கும் இருந்தது. அந்நியத் தோற்றமும் விசித்திரத் தொப்பியும்கூடச் சிலரைக் காவல் நிலையம் வரை கொண்டுபோய் விட்டன. பிறகு பசி வந்தது. ஒளி சமிக்ஞை பற்றிய பேச்சு தானாக அடங்கியது.

காகிதத்தின் விலை

லெனின்கிராட்டில் ரேஷன் முறை 1941 ஜூலை 18-ல் தொடங்கியது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை ரொட்டி அளவு ஐந்து முறை குறைக்கப்பட்டது. நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம். அலுவலக ஊழியர், பிறரைச் சார்ந்து வாழ்பவர், குழந்தை ஆகியோருக்கு 125 கிராம். அந்த 125 கிராமும் முழுக்க மாவு அல்ல. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும், மரத்திலிருந்து எடுத்த செல்லுலோசும் அதில் கலந்திருந்தன. அட்டையில் இறைச்சிக்கும் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் கூப்பன் இருந்தாலும் பல வாரங்கள் அவற்றுக்குக் கடையில் சரக்கில்லை.

ரேஷன் வரிசையில் நின்று பழகிய எந்தச் சமூகத்துக்கும் போலி அட்டை என்பது புதிய செய்தியல்ல. இரட்டை அட்டை, இடம்பெயர்ந்தவர் பெயரில் அட்டை, இறந்தவர் பெயரில் அட்டை எல்லாம் இங்கும் இருந்தன. அக்டோபர் 12 முதல் 18 வரை நகரம் முழுவதும் அட்டைகள் மறுபதிவு செய்யப்பட்டன. அடையாளத்தை நிரூபித்தால் முத்திரை. முத்திரை இல்லாத அட்டைக்கு ரொட்டி இல்லை. இதன் விளைவாக ரொட்டி அட்டைகளின் எண்ணிக்கை 88 ஆயிரம் குறைந்தது. அந்த 88 ஆயிரத்தில் எல்லாமே ஏமாற்று அல்ல. வெளியேறியவர்கள், போர்முனைக்குப் போனவர்கள், குண்டில் மாண்டவர்கள் ஆகியோரின் அட்டைகளும் அதில் உண்டு. ஆனால் யாரோ ஒருவர் அவற்றை வைத்து ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார். எதிரியே விமானத்திலிருந்து போலி அட்டைகளைத் தூவி வழங்கலைக் குலைப்பான் என்ற பயமும் நிர்வாகத்துக்கு இருந்தது.

இங்கே திருட்டின் அளவுகோல் தலைகீழானது. முன்பு ஒரு துண்டு ரொட்டி திருடியவனை மிரட்டி அனுப்பியிருப்பார்கள். இப்போது மாதத் தொடக்கத்தில் ஒருவரின் அட்டையைப் பறிப்பது கத்தியால் குத்துவதற்குச் சமம். தங்கக் கடிகாரம் தொலைந்தால் புகார் எழுத வருபவர் குறைந்தார்கள். அட்டை தொலைந்தவரோ காவல் நிலையத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுவார். சட்டப்புத்தகம் இரண்டையும் திருட்டு என்றே குறித்தது.

ரொட்டிக் கடை வாசலில் நடந்த பறிப்புகளைப் பல நாட்குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு பெண் ரொட்டியோடு வெளியே வருகிறாள். ஒரு பையன் பாய்ந்து பிடுங்குகிறான். ஓடவில்லை, ஓட வலுவில்லை. அங்கேயே பனியில் விழுந்து வாயில் திணிக்கிறான். வரிசையில் நின்றவர்கள் அடிக்கிறார்கள். அவன் அடியைத் தடுக்காமல் மென்றுகொண்டே இருக்கிறான். இப்படிப் பிடிபட்டவர்களில் தொழிற்பயிற்சிப் பள்ளி மாணவர்கள் நிறையப் பேர். கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு விடுதியில் தங்கியிருந்த 14, 15 வயதுப் பிள்ளைகள். ஊரில் உறவு இல்லை, வீட்டில் பதுக்கிய தானியம் இல்லை. காவலர் வந்து சேரும்போது சாட்சிப்பொருள் வயிற்றுக்குள் போயிருக்கும். என்ன வழக்குப் போடுவது?

1942 ஜனவரி இறுதியில் நிலைமை இன்னும் மோசமானது. குழாய்கள் உறைந்து ரொட்டி அடுமனைகளுக்குத் தண்ணீர் போகவில்லை. கடைகளில் ரொட்டி வருவது தாமதமானது. மைனஸ் 30 டிகிரிக் குளிரில் விடியற்காலையிலிருந்து நின்ற வரிசைகள் சில இடங்களில் கடைக்குள் புகுந்தன. ரொட்டி ஏற்றிவந்த சறுக்குவண்டிகள் தாக்கப்பட்டன. அதன் பிறகு ரொட்டி வண்டிக்குத் துணையாகச் செல்வதும், கடை வாசலில் நிற்பதும், வரிசையை ஒழுங்குபடுத்துவதும் மிலீட்சியாவின் முதன்மை வேலைகளாகின. இவ்வளவு நடந்தும், 25 லட்சம் பேர் பட்டினி கிடந்த நகரத்தில் பெருங்கலவரம் ஒன்றுகூட வெடிக்கவில்லை. பயமும் தேசப்பற்றும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இரண்டும் சரியே. என்னுடைய பார்வையில் இன்னொன்றும் உண்டு: வரிசை கலைந்தால் அன்றைக்கான ரொட்டியும் போய்விடும் என்பதை வரிசையில் நின்றவர்களே அறிந்திருந்தார்கள். வரிசையின் ஒழுங்கைக் காத்தவர்களில் முதல் காவலர் வரிசையில் நின்றவர்தான்.

தராசுக்குப் பின்னால்

பிடுங்கிய பையன் கண்ணுக்குத் தெரிந்தான். தராசுக்குப் பின்னால் நின்றவர் தெரியவில்லை. 125 கிராமில் ஐந்து கிராம் குறைத்து நிறுத்தால் வாங்குபவருக்கு ஐயம் மட்டுமே மிஞ்சும். ஆயிரம் பேருக்கு நிறுத்த பிறகு விற்பவரிடம் ஐந்து கிலோ மிஞ்சும். அந்த ஐந்து கிலோவின் சந்தை மதிப்பு, கணக்கில் இன்னொரு பக்கம். ஸெனயா சந்தையில், அதாவது பழைய வைக்கோல் சந்தையில், ஒரு கிலோ ரொட்டிக்குச் சில நூறு ரூபிள் கேட்டார்கள். பணத்தைவிடப் பொருளுக்கே மதிப்பு: கடிகாரம், கம்பளி மேலங்கி, பியானோ, திருமண மோதிரம்.

இதைப் பிடிப்பதற்கென்று 1937-லேயே மிலீட்சியாவில் தனிப் பிரிவு இருந்தது: சோசலிசச் சொத்துத் திருட்டையும் கள்ள வணிகத்தையும் தடுக்கும் பிரிவு. அதன் முறை எளிமையானது. கடை ஊழியர், சமையல்கூட மேலாளர், கிடங்குக் கணக்காளர் ஆகியோரின் வீடுகளைச் சோதிப்பது. சம்பளத்துக்குப் பொருந்தாத தங்கமும் கடிகாரமும் இருந்தால் அங்கிருந்து நூலைப் பிடித்துப் போவது. உணவுத் திருட்டுக்குப் பயன்பட்ட சட்டம் 1932 ஆகஸ்ட் 7-ல் வந்தது. கூட்டுப்பண்ணை வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கியவர்களையும் சிறைக்கு அனுப்பியதால் மக்கள் அதைக் 'கதிர்ச் சட்டம்' என்றார்கள். பஞ்ச காலத்து உழவர்மீது பாய்ந்த அதே சட்டம், பத்தாண்டு கழித்து நகரத்தின் ரொட்டித் தராசின்மீது பாய்ந்தது. நகர நீதிமன்றமே ராணுவத் தீர்ப்பாயமாக மாற்றப்பட்டிருந்ததால் விசாரணை நீளவில்லை. மரண தண்டனைச் செய்திகள் நாளிதழில் வந்தன.

கடைக்காரரைச் சுட்டுக் கொன்ற செய்தியை வரிசையில் நின்றவர்கள் வரவேற்றார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உணவுச் சங்கிலியின் எந்தக் கண்ணிவரை துப்பு போகலாம் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது. கட்சித் தலைமையகமான ஸ்மோல்னியின் உணவகம் ரேஷன் அட்டையின் கணக்கில் இயங்கவில்லை. அது திருட்டு அல்ல, சலுகை. சட்டத்துக்கு உட்பட்டது. அதை யாரும் சோதிக்கவில்லை.

முற்றுகைக்குள் உணவு கொண்டுவர லடோகா ஏரியின் உறைபனிமேல் 1941 நவம்பர் 22 முதல் லாரிகள் ஓடத் தொடங்கியபோது காவலும் அந்தப் பனிக்கு நகர்ந்தது. மாவு மூட்டை ஏற்றிய லாரியில் ஓட்டுநர் ஒரு மூட்டையைக் கிழித்துச் சிறிது அள்ளிக்கொள்வது, வெளியேறும் குடும்பங்களிடம் இடத்துக்கு விலை கேட்பது போன்றவை அங்கே நடந்தன. ஓட்டுநரும் பசித்தவர். குண்டு விழுந்த பனி வெடிப்பில் எந்த நொடியும் மூழ்கக்கூடியவர். இரவில் திசைகாட்டியபடி பனியில் நின்ற போக்குவரத்துக் காவலரின் நிலையும் அதுவே.

பெயர் இல்லாத குற்றம்

1941 டிசம்பரில் குபாத்கினின் அறிக்கைகளில் புதிதாக ஒரு குற்றம் தோன்றியது. சோவியத் ருஷ்யக் குடியரசின் 1926 குற்றவியல் சட்டத்தில் அதற்குப் பிரிவு இல்லை. மனித மாமிசம் உண்ணுதல் என்று ஒரு குற்றத்தைச் சட்டம் இயற்றியவர்கள் கற்பனை செய்திருக்கவில்லை. அரசு வழக்குரைஞர்கள் ஒரு வழி கண்டார்கள். தின்பதற்காகக் கொலை செய்தால் 59-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு: கொள்ளைக்கும்பல் குற்றம். ஏற்கெனவே இறந்தவரின் உடலிலிருந்து எடுத்தால், 'ஒப்புமை' கொண்டு தண்டிக்க வழிவிடும் 16-ஆம் பிரிவைச் சேர்த்து அதே 59-3. ஆவணங்களில் இதன் பெயர் 'கொள்ளை - சிறப்பு வகை'. ருஷ்ய மொழி ஆளைத் தின்பதற்கும் பிணத்தைத் தின்பதற்கும் இரண்டு தனிச் சொற்களை வைத்திருந்தது. சட்டம் இரண்டையும் கொள்ளையில் போட்டு மூடியது.

இதைப் பற்றி நம்மிடம் உள்ள ஆவணங்களில் கூர்மையானது ராணுவ அரசு வழக்குரைஞர் அன்தோன் பன்ஃபீலவ் 1942 பிப்ரவரி 21 அன்று நகரக் கட்சிச் செயலர் அலெக்ஸி குஸ்னெத்சோவுக்கு எழுதிய குறிப்பு. டிசம்பரில் 26 பேர், ஜனவரியில் 366 பேர், பிப்ரவரியின் முதல் 15 நாளில் 494 பேர்: மொத்தம் 886 பேர்மீது வழக்கு. பன்ஃபீலவ் இந்த 886 பேரையும் வகைபிரித்துப் பார்க்கிறார். ஆண்கள் 322, பெண்கள் 564. கட்சி உறுப்பினர்கள் 11. நிலையான தொழில் இல்லாதவர்களும் வேலையற்றவர்களும் சேர்ந்து பாதிக்கு மேல். தொழிலாளிகள் 41 சதவீதம். நகரத்தில் பிறந்தவர்கள் 131 பேர் மட்டுமே. முன்பு தண்டனை பெற்றவர்கள் 18 பேர். அதாவது 2 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணில்தான் ஒரு காவல்துறையின் தோல்வியும் ஒரு சமூகத்தின் நிலையும் சேர்ந்து தெரிகின்றன. குற்றப் புலனாய்வு எங்கும் பழைய குற்றவாளிகளின் பட்டியலில் தொடங்கும். யாருடைய கை இது, யாருடைய பழக்கம் இது என்று ஏட்டைப் புரட்டும். அந்த ஏட்டில் இந்த 886 பேரில் 868 பேர் இல்லை. நேற்றுவரை ஆலையில் வேலை பார்த்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள். துப்பறிவாளருக்குத் தெரிந்த உலகத்திலிருந்து இவர்கள் வரவில்லை.

பெண்கள் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு அவசர விடை ஆபத்தானது. ஆண்கள் பலர் போர்முனையில். இருந்தவர்களும் பட்டினியில் முதலில் இறந்தார்கள். வீட்டில் பிள்ளைகளோடு மிஞ்சியவள் பெண். அவளுக்குக் கிடைத்தது பல நேரம் 'சார்ந்து வாழ்பவர்' அட்டை, அதாவது மிகக் குறைந்த ரொட்டி. வெளியூரார் அதிகம் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1930-களின் தொழில்மயமாதலில் அந்த நகரமே பெருமளவு வெளியூராரால் நிரம்பியது. ஆனாலும் ஊரில் வேர் இல்லாதவர், பண்டமாற்றுச் செய்யப் பொருள் இல்லாதவர், வேலை இல்லாததால் கீழ்நிலை அட்டை பெற்றவர் ஆகியோரே இந்தப் பட்டியலில் குவிந்திருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. பன்ஃபீலவ் வரைந்தது ஒரு குற்றக் கும்பலின் உருவம் அல்ல. ரேஷன் வரிசையின் கடைசி ஆட்களின் உருவம்.

1942 ஜூன் தொடக்கத்தில் இவ்வகையில் கைதானவர்கள் 1,965 பேர். அதுவரை 586 பேருக்கு மரண தண்டனையும் 668 பேருக்குச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டிருந்தன. ஆண்டிறுதிக்குள் கைது எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டி, பிறகு நின்றுவிட்டது. காவல்துறை திறமை கூடியதால் நிற்கவில்லை. ரொட்டி அளவு உயர்ந்தது. லடோகா வழியாக அந்தக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். இறக்க வேண்டியவர்கள் இறந்துவிட்டார்கள். 25 லட்சம் பேரில் இரண்டாயிரம் என்பதைத் திருப்பிப் படிப்பதும் ஆய்வாளரின் கடமை. பெரும்பான்மையினர் அந்த எல்லையைத் தாண்டாமலே செத்தார்கள்.

காவலரின் பசி

இத்தனையையும் விசாரித்தவர்கள் யார்? 1941 டிசம்பர் 8-ல் டிராம்கள் நின்றன. மின்சாரம் இல்லை, பெரும்பாலான தொலைபேசிகள் ஊமை. ஒரு புகாரை விசாரிக்க விசாரணை அதிகாரி நகரத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பனிக்குவியலின் நடுவே நடந்து போக வேண்டும். ஆறாம் மாடிக்கு இருட்டில் படியேற வேண்டும். விளக்கு இல்லாத அறையில் உறைந்த மையால் வாக்குமூலம் எழுத வேண்டும். அவருடைய கால்களும் வீங்கியிருந்தன.

1942 ஜனவரியில் லெனின்கிராடு மிலீட்சியாவில் 166 பேர் பட்டினியால் இறந்தார்கள். 1,600-க்கும் மேற்பட்டோர் படுக்கையில் விழுந்தார்கள். பிப்ரவரியில் இறந்தோர் 212. இளைஞர்கள் பலர் ஏற்கெனவே போர்முனைப் படைகளில் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். காலி இடங்களை நிரப்பப் பெண்கள் அழைக்கப்பட்டார்கள். ஆலையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வந்த அந்தப் பெண்கள் சாலைச் சந்திப்பில் நின்று போக்குவரத்தைச் சீர்செய்தார்கள். காலி வீடுகளுக்கு முத்திரை வைத்தார்கள். இறந்த தாயின் பக்கத்தில் கிடந்த பிள்ளையை எடுத்துப்போய் இல்லத்தில் சேர்த்தார்கள். இந்தக் கடைசி வேலை எந்தக் குற்றப் புள்ளிவிவரத்திலும் வராது. ஆனால் 1942-ன் முதல் மாதங்களில் காவல்துறை செய்தவற்றில் ஐயத்துக்கு இடமில்லாத நன்மை இதுவே.

காலி வீடுகள் தனிக் கதை. குடும்பம் முழுக்கச் செத்துப்போன வீடு, வெளியேறியவரின் வீடு என்று ஆயிரக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. திறவுகோல் வீட்டு மேலாளரிடம். எந்த வீட்டில் யார் இறந்தார்கள் என்று காவல்துறைக்குச் சொல்ல வேண்டியவர் அவர். அங்கே என்ன இருந்தது என்பதை முதலில் அறிந்தவரும் அவர். காவல்துறையின் கண்ணாக இருந்த அமைப்பே சில இடங்களில் கையாகவும் ஆனது. மேலாளர்கள் இறந்தவரின் அட்டையையும் பொருளையும் எடுத்துக்கொண்ட வழக்குகள் வந்தன.

இன்னொரு மேசை

நடக்க முடியாத காவலர்கள் ரொட்டி வண்டிக்குத் துணை போய்க்கொண்டிருந்த அதே வாரங்களில், அதே அமைப்பின் இன்னொரு மேசை ஓயாமல் இயங்கியது. தபால் தணிக்கையாளர்கள் கடிதங்களைப் பிரித்துப் பசி பற்றிய வரிகளைத் தொகுத்தார்கள். வரிசையில் யார் என்ன பேசினார் என்பது அறிக்கையானது. ஜெர்மானிய, ஃபின்னிய வம்சாவளியினர் 1942 மார்ச்சில் லடோகா பனியின்மேல் நாடுகடத்தப்பட்டார்கள். எழுத்தாளர் தனியீல் ஹார்ம்ஸ் தோல்வி மனப்பான்மையைப் பரப்பினார் என்று 1941 ஆகஸ்ட் 23-ல் கைதாகி, 1942 பிப்ரவரி 2 அன்று சிறையின் மனநோய்ப் பிரிவில் இறந்தார். அந்தக் குளிர்காலத்திலேயே உயர்கல்வி நிறுவன அறிஞர்கள் பலர் எதிர்ப்புரட்சிக் குழு அமைத்ததாகப் பிடிக்கப்பட்டார்கள். ஒளியியல் அறிஞர் விளாதிமீர் இக்னத்தோவ்ஸ்கி 1942 ஜனவரி 30-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். கணிதவியலாளர் நிக்கொலாய் கொஷ்லியாக்கவின் மரண தண்டனை சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஸ்டாலின் இறந்த பிறகு நடந்த மறுவிசாரணையில் இந்த வழக்குகள் புனையப்பட்டவை என்று அரசே ஒப்புக்கொண்டது.

இதை ஒரு பிறழ்வு என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 59-3 வழக்குகளில் சட்டம் குற்றத்தின் பின்னால் மூச்சிரைக்க ஓடியது. குற்றம் நடந்திருந்தது, அதற்குப் பெயர் இல்லை. அறிஞர்களின் வழக்கில் பெயர் முன்பே தயாராக இருந்தது; குற்றம்தான் இல்லை. முதல் வகையைக் கையாளக் காவல்துறைக்குப் பழக்கம் இல்லை. இரண்டாம் வகை 1937-ன் களையெடுப்புகளிலிருந்தே கைவந்த கலை. பட்டினியில் தள்ளாடும் நிறுவனம் தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையை விடாமல் செய்தது.

யாருடைய கணக்கு

காவல்துறை எதைக் காத்தது என்ற கேள்விக்கு இப்போது திரும்பலாம். உயிர்களை என்று சொன்னால் முழு உண்மையாகாது. காக்கும் வழி அதனிடம் இல்லை. அது காத்தது பங்கீட்டின் எண்ணிக்கையை. உயிரோடு இருப்பவருக்கு ஒரு அட்டை, இறந்தவருக்கு இல்லை என்ற கணக்கு குலையாமல் இருந்தால்தான் 125 கிராமாவது எல்லோருக்கும் போய்ச்சேரும். அந்த வகையில் அந்தக் கணக்கு பல லட்சம் பேரைப் பிழைக்க வைத்தது. அதே கணக்குதான் அட்டை தொலைத்த ஒருத்தியை வாசலில் திருப்பி அனுப்பியது. இரண்டும் ஒரே மேசையில் நடந்தவை. ஒன்றை மட்டும் எடுத்து எழுதினால் வரலாறு ஒருக்களித்துவிடும்.

ஆவணங்கள் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன. போர் முடிந்ததும் திறக்கப்பட்ட லெனின்கிராடு பாதுகாப்பு அருங்காட்சியகம் 1949-ல் மூடப்பட்டது. 'லெனின்கிராடு வழக்கு' என்ற அரசியல் களையெடுப்பில் குஸ்னெத்சோவ் 1950 அக்டோபர் 1-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் குபாத்கினும். 'சிறப்பு வகை' என்ற சொற்றொடர் பொதுமக்கள் கண்ணில் பட சோவியத் ஒன்றியமே மறைய வேண்டியிருந்தது.

பதிவு அலுவலக ஏடுகள் மட்டும் மிஞ்சின. 1942 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் இறப்புகள் அவற்றில் எழுதப்பட்டன. பிஸ்கரியோவ் கல்லறையில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கிடக்கும் மண்மேடுகளில் பெயர் இல்லை, ஆண்டு மட்டும் உண்டு. பெயர்கள் பின்னர் 'பிளக்காதா' என்ற 35 தொகுதி நினைவு நூலில் அச்சாயின. அவற்றுக்கு அடித்தளம் தந்த ஏடுகளில் என்.கே.வி.டி.யின் கீழ் எழுத்தர்கள் கை நடுங்க எழுதியவையும் உண்டு.

அந்த ஏடுகளில் பெயர் சரி, முகவரி சரி. தேதியை மட்டும் எப்போதும் நம்ப முடியாது. அட்டையை மாத இறுதிவரை பயன்படுத்துவதற்காக, இறந்தவரைக் குளிர்ந்த அறையில் போர்த்திக் கிடத்திவிட்டுப் பேசாமல் இருந்த குடும்பங்கள் பல. பத்தாம் தேதி இறந்த தந்தை சில ஏடுகளில் முப்பத்தோராம் தேதிவரை உயிரோடு இருக்கிறார். அந்த மூன்று வார ரொட்டியைப் பிள்ளைகள் தின்றிருப்பார்கள். சட்டப்படி அது மோசடி. எந்த வீட்டு மேலாளர் அதைக் கண்டும் காணாமல் போனார், எந்தக் காவலர் கதவைத் தட்டாமல் படியிறங்கினார் என்பதற்குக் கோப்பு இல்லை.